பழங்காசு நகையும் எகிப்தியத் தொல்பொருளும்: லண்டன் கடையொன்றின் மதிப்புரை

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை ஒட்டிய தெருக்களில் பழங்காசுகளையும் தொல்பொருள்களையும் விற்கும் சிறு கடைகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அவற்றுள் கிரேக்கக் காசு பதித்த நகைகளையும் எகிப்தியச் சிறு பொருள்களையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். இங்கே குறிப்பிடும் குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தரைத்தளத்தில் காசுகளும் காசு நகைகளும் உள்ளன. படியிறங்கிச் சென்றால் எகிப்தியப் பொருள்கள் உள்ளன. இந்த இரண்டில் மேலே உள்ள தளத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். கீழ்த்தளத்தில் பணத்தை எடுக்கும் முன் நிறையக் கேள்விகள் கேட்க வேண்டும்.

காசு நகை வாங்குபவருக்கு உள்ள பெரிய சிக்கல், காசை நகையாக்கியதுமே அதன் விளிம்பு மறைந்துவிடுவதுதான். உலோகத் துண்டைச் சூடாக்கி இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கியவை கிரேக்கக் காசுகள். அடியின் வேகத்தில் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி, ஓரங்களில் மெல்லிய வெடிப்புகள் விழும். அச்சில் வார்த்த போலிக் காசின் ஓரத்திலோ இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு தெரியும், அல்லது அந்தக் கோட்டை அரம் கொண்டு தேய்த்த தடம் தெரியும். எடையும் பெரும்பாலும் பொருந்தாது. ஆக, போலியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓரம், எடை ஆகிய இரண்டு சான்றுகளையும் காசைச் சுற்றிப் பிடிக்கும் தங்கக் கட்டு மூடிவிடுகிறது. பதக்கமாக விற்கப்படும் காசில் வாங்குபவர் பார்க்க முடிவது இரண்டு முகங்களை மட்டுமே. நல்ல போலி செய்பவர் முழுக் கவனத்தையும் செலுத்துவதும் அந்த இரண்டு முகங்களில்தான்.

இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்வதுதான். அவர்களுடைய பதக்கங்களின் கட்டு, மேல்புற வளையத்துக்கு அடியில் உள்ள ஒரு சிறு திருகால் இறுக்கப்படுகிறது. திருகைத் தளர்த்தினால் சட்டம் சற்றே விரிந்து காசு கையில் வந்துவிடும். பற்றவைப்பு காசைத் தொடுவதே இல்லை. நான் கேட்டதும் பட்டறையில் இருந்த பொற்கொல்லரை அழைத்து, வெல்வெட் விரித்த தட்டின்மேல் காசைக் கழற்றி வைத்து, கண்ணில் பொருத்தும் லென்ஸையும் மின்தராசையும் என் பக்கம் நகர்த்திவைத்தார் கடைக்காரர். அதன் பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பொருளை வாடிக்கையாளர் நிதானமாகப் பார்க்கட்டும் என்று பொறுமையாக இருக்கும் விற்பனையாளர் இந்தத் தொழிலில் அரிது.

அது அலெக்சாண்டர் பெயரில் வெளியான டிராக்மா என்ற கிரேக்க வெள்ளிக் காசு. எடை 4.2 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் சிங்கத்தோல் போர்த்திய கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸின் தலை. சிங்கத்தின் இரண்டு முன்னங்கால்களும் கழுத்துக்குக் கீழே முடிச்சிட்டிருப்பதை லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது, இவ்வளவு சிறிய பரப்பில், அதுவும் அச்சில் எதிர்மறையாக, அதைச் செதுக்கிய கையை வணங்கத் தோன்றுகிறது. பின்பக்கத்தில் அரியணையில் அமர்ந்த கிரேக்கக் கடவுள் சீயஸ், நீட்டிய வலக்கையில் கழுகு. அடி சற்று விலகி விழுந்ததால் சீயஸின் தலையுச்சி காசுக்கு வெளியே போய்விட்டது. சேகரிப்பவர் கண்ணில் இது குறை. ஆனால் பதக்கமாக அணிபவருக்கு முன்பக்கம் நடுவில் அமைந்திருந்தால் போதும் என்பதால் விலை குறைகிறது. அட்டையில் ‘அலெக்சாண்டர் காலக் காசு’ என்று கவர்ச்சியாக எழுதாமல், அவர் இறந்த பிறகு, கி.மு. 319க்கும் 310க்கும் இடைப்பட்ட காலத்தில், ஆசியா மைனரின் கொலோஃபோன் நகரில் அடிக்கப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பின்னும் அவர் பெயரிலான காசுகள் பல நகரங்களில் தலைமுறைகள் கடந்தும் அடிக்கப்பட்டன. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இவைதான். அந்த உண்மையை மறைத்து இன்னொரு நூறு பவுண்டு கூட்டி விற்றிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

விலை விவரத்தையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். காசு மட்டும் 110 பவுண்டு. வெள்ளிக் கட்டுடன் 290. 18 காரட் தங்கக் கட்டுடன் 1,150. தங்கக் கட்டு வாங்கினால் பணத்தின் பெரும்பகுதி தங்கத்துக்கும் கூலிக்கும் போகிறதே தவிரக் காசுக்குப் போவதில்லை என்பது இந்த மூன்று எண்களிலிருந்தே விளங்கும். கட்டின் உட்புறத்தில் தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் 750 என்ற எண்ணும், அந்தத் தூய்மையைச் சோதிக்கும் லண்டன் மதிப்பீட்டு அலுவலகத்தின் சிறுத்தைத் தலை முத்திரையும் இருந்தன. பிரிட்டனில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகைக்கு இந்த முத்திரை கட்டாயம். அது சான்று சொல்வது கட்டின் தங்கத்துக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் காசுக்கு இல்லை. முத்திரையைக் காட்டிக் காசையும் சேர்த்து நம்பவைக்கும் விற்பனையாளர்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காசை உடலில் அணியும் வழக்கம் நகை வணிகர்கள் கண்டுபிடித்தது இல்லை. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியப் பெண்கள், பேரரசர் முகம் பொறித்த தங்கக் காசுகளைச் சல்லடைபோல் துளையிட்ட தங்கச் சட்டங்களில் கட்டி அணிந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தம், மாசிடோனிய அலெக்சாண்டரின் வெண்கலக் காசுகளைத் தலையிலும் காலிலும் தீங்கு விலக்கும் காப்பாகக் கட்டிக்கொண்டவர்களைக் கடிந்துகொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோம் நகரின் காஸ்டெல்லானி என்ற பொற்கொல்லர் குடும்பத்தினர் பழங்கால நகைகளின் பாணியைப் புதுப்பித்தபோது காசுகளும் ஸ்கேராப் எனும் வண்டு முத்திரைகளும் மீண்டும் கழுத்துக்கு வந்தன. 1960களிலிருந்து இத்தாலிய நகை நிறுவனமான புல்காரி பழங்காசு பதித்த நகைகளைச் செய்து, எந்தக் காசு, எந்தக் காலத்தது என்பதைக் கட்டிலேயே பொறித்துக் கொடுத்தது. இன்று லண்டன் கடைகளில் காணும் பாணி பெரும்பாலும் அதன் வழிவந்தது. காசு மாலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆசையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்ததாக அவர்கள் காட்டியது ஏதென்ஸ் நகரின் ஆந்தைக் காசு. நான்கு டிராக்மா மதிப்புள்ள இந்தக் கனத்த வெள்ளிக் காசு 17 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ளது. ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த பெண் தெய்வம் அதீனா. மறுபுறம் நம்மை நேராகப் பார்க்கும் ஆந்தை, ஒலிவக் கிளை, சிறு பிறை, நகரின் பெயரைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகள். ஏதென்ஸுக்கு அருகிலுள்ள லாரியான் சுரங்கத்தின் வெள்ளியில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருமளவில் அடிக்கப்பட்ட இக்காசு எகிப்துவரை சென்று புழங்கியது. எகிப்தில் இதைப் போலவே உள்ளூரிலும் காசு அடித்தார்கள். கடையில் இருந்த காசில் ஆந்தையின் தலைக்கு மேல் உளியால் ஆழமாக வெட்டிய தடம் இருந்தது. உள்ளே செம்பு வைத்து வெளியே வெள்ளி போர்த்திய மோசடிக் காசா என்று சோதிக்க அந்தக் காலத்து வணிகர்களே இப்படி வெட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் இதைக் குறையாக எண்ணி விலையைக் குறைத்திருந்தார். எனக்கோ அந்த வெட்டுதான் காசின் உயிர்ப்பான பகுதியாகத் தோன்றியது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த புதுக்கோட்டைப் புதையலும் நினைவுக்கு வந்தது. 1898இல் கிடைத்த அந்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்திலும் வெட்டு இருக்கிறது. அங்கே அது சோதனைக்காக இல்லாமல், காசைப் புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக இடப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் ஆந்தைக் காசை நான் வாங்கவில்லை. அண்மைக் காலத்தில் இவ்வகைக் காசுகள் மிகுதியாகச் சந்தைக்கு வருகின்றன. அந்த மிகுதிக்குப் பின்னால் பதிவு செய்யப்படாத புதையல்கள் இருக்கலாம். 1984இல் துருக்கியின் எல்மலிப் பகுதியில் சட்டவிரோதமாகத் தோண்டியெடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகள் கடல் கடந்து விற்கப்பட்டு, நீண்ட வழக்குக்குப் பிறகு 1999இல்தான் துருக்கிக்குத் திரும்பின. இக்கடையின் காசுக்கு முந்தைய உரிமையாளர் யார் என்று கேட்டபோது, வேறொரு வணிகரிடம் வாங்கியதாகவும், அவருக்கு எப்படி வந்தது என்பதற்குத் தாள் இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார்கள். டிராக்மாவுக்கோ 1980களில் நடந்த ஓர் ஏலத்தின் பட்டியல் எண் இருந்தது. பட்டியலின் படத்தில் இருந்த அதே விலகிய அடியும், ஓரத்தில் அதே வெடிப்பும் என் முன் இருந்த காசில் இருந்தன. அதனால்தான் அதை வாங்கினேன். சிறு காசுகளுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள், ஜூலியஸ் சீசரின் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 2020இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போன ஒரு காசு, அதன் உடைமை வரலாறு பொய் என்று தெரியவந்ததால் 2023இல் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

மேல்தளத்தில் என் மனத்துக்கு ஒவ்வாதவை இரண்டு. நகைக்கென்று ஒதுக்கிய காசுகளில் பலவற்றை வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கிப் பளபளக்கச் செய்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கருமை, முகத்தின் பள்ளங்களில் நிழலாக நின்று உருவத்தை எடுத்துக்காட்டும்; அதைக் கழுவியதும் ஹெராக்ளீஸின் முகம் தட்டையாகிவிடுகிறது. கழுவாத காசு வேண்டுமென்று கேட்டால் உள்ளிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்பது ஆறுதல். இரண்டாவது, தாலமி மன்னர்களின் பெரிய வெண்கலக் காசைப் பதக்கமாக்கியிருப்பது. எகிப்தை ஆண்ட இந்தக் கிரேக்க வம்சத்தின் வெண்கலக் காசுகள் எனக்கு மிகவும் பிடித்தவை: ஒருபுறம் ஆட்டுக்கடாக் கொம்புடைய சீயஸ் அம்மோன், மறுபுறம் சீயஸின் இடி ஆயுதத்தின்மேல் நிற்கும் கழுகு, இரண்டு முகங்களிலும் நட்டநடுவில் ஒரு சிறு குழி. கையில் எடுத்தால் கனம் தெரியும். ஆனால் வெண்கலம் தோலில் உரச ஏற்றதில்லை. வியர்வையின் உப்பும் ஈரமும் பழைய வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடியாக அரிப்பைக் கிளப்பிவிடும்; சாதாரணக் களிம்பைப் போல அது காசைக் காக்காது, உள்ளே தின்றுகொண்டே போகும். இதை வாங்கிச் செல்பவரிடம் கடைக்காரர் சொல்லியாக வேண்டும். நான் கேட்கும்வரை சொல்லவில்லை. வெள்ளியிலும் எச்சரிக்கை தேவை. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுகிறது. கீழே விழுந்தால் பிஸ்கோத்துபோல உடைந்த காசுகள் உண்டு. கைவிரல் மோதிரமாகக் காசை அணிவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பதக்கம்தான் அதற்குப் பாதுகாப்பான இடம்.

கீழ்த்தளத்தில் ஒளியும் குறைவு, விவரமும் குறைவு. எகிப்தியப் பொருளைச் சட்டப்படி வாங்க முடியுமா என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். எகிப்தில் 1835லேயே அந்நாட்டு ஆட்சியாளர் முகமது அலியின் ஆணை தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுக்க முயன்றது. ஆயினும் 1912இன் சட்டம் உரிமம் பெற்ற வணிகத்தை அனுமதித்தது. கெய்ரோ அருங்காட்சியகத்திலேயே விற்பனை அறை ஒன்று இருந்தது. 1983இன் 117ஆம் எண் சட்டம் வணிகத்தை முற்றாக நிறுத்தியது. எனவே பழைய நாட்களில் முறையாக வெளியேறிய பொருள்கள் ஐரோப்பியத் தொகுப்புகளில் ஏராளமாக உள்ளன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் 1970இன் யுனெஸ்கோ உடன்படிக்கையை ஒட்டி, அந்த ஆண்டுக்கு முன்பே நாட்டைவிட்டு வெளியே இருந்தது என்பதற்கான சான்றைக் கேட்பது இன்றைய நல்வழக்கம்.

சான்று என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்குக் கீழ்த்தளத்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. இறந்தவருக்குப் பதிலாக மறுமையில் வயல்வேலை செய்ய வைக்கப்படும் ஷப்தி உருவம் அது. ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரம், வெளிர்பச்சை ஃபயான்ஸ் (கண்ணாடிபோல் மெருகேறிய பீங்கான் வகை), எகிப்திய வரலாற்றின் பிற்காலத்தது. குறுக்காக மடித்த கைகளில் மண்வெட்டிகள், இடத்தோளுக்குப் பின்னே விதைப்பை, முதுகில் தூண். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 பணியாளரும், பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளரும் என 401 உருவங்களை ஒரே கல்லறையில் வைக்கும் வழக்கம் இருந்ததால், ஷப்திகள் சந்தையில் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. இந்த உருவத்தோடு 1960களின் ஏலப் பட்டியலின் பக்கம் இருந்தது. படத்தில் பாதத்தின் இடப்புறம் தெரிந்த சிதைவு என் கையிலிருந்த உருவத்திலும் அப்படியே இருந்தது. விலை 1,800 பவுண்டு. எனக்கு எட்டாத விலை; ஆனால் நியாயமான விலை.

மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மாக்கல்லில் செதுக்கி மெருகிட்ட ஸ்கேராப்கள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. எல்லாவற்றுக்கும் ‘பழைய ஆங்கிலேயத் தனியார் தொகுப்பு, 1970க்கு முன்’ என்ற ஒரே வரி. யாருடைய தொகுப்பு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, விற்றவர் பெயரை வெளியிட விரும்பவில்லை என்ற விடை மட்டுமே கிடைத்தது. இந்த வரியின் ஆபத்தை அறிய 1990களின் வழக்கு ஒன்று போதும். எகிப்திலிருந்து கடத்திய சிற்பத் தலையைப் பிளாஸ்டிக்கால் மூடி, மலிவான சுற்றுலாப் பொம்மைபோல் வண்ணமடித்து வெளியே கொண்டுவந்த பிரிட்டிஷ்காரர் ஒருவர், நியூயார்க் வணிகர் ஒருவருடன் சேர்ந்து, தாமஸ் ஆல்காக் என்ற பெயரில் 1920களின் தொகுப்பு ஒன்றையே கற்பனையாக உருவாக்கினார். புதுத் தாள்களைத் தேநீரில் நனைத்துப் பழைய சீட்டுகளாக்கினார்கள். பிரிட்டிஷ்காரர் 1997இலும் வணிகர் 2002இலும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே 2017இல் வாங்கிய நெட்ஜெமங்க் என்ற பூசாரியின் பொற்பெட்டியை, அதன் 1971ஆம் ஆண்டு ஏற்றுமதி உரிமம் போலியானது என்று தெரிந்தபின் 2019இல் எகிப்துக்குத் திருப்பித் தர நேர்ந்தது. வல்லுநர் படையே உள்ள இடத்தில் இப்படி நடக்கிறதென்றால், ஒற்றை வரிச் சீட்டை நம்பி நாம் எப்படிப் பணம் தருவது?

ஃபயான்ஸ் மணிமாலைகளும் அங்கே இருந்தன. சடலங்களின்மேல் வலையாகப் போர்த்தியிருந்த குழாய் மணிகள் அவை. மணிகள் பழையவை என்றே என் கண்ணுக்கும் பட்டது. ஆனால் கோத்த நூலும், கோத்த வரிசையும், இடையிடையே சேர்த்த பொன்மணிகளும் இக்காலத்தவை. சீட்டில் ‘பண்டைய எகிப்திய மாலை’ என்று மட்டுமே இருந்தது. மேல்தளத்தில் கட்டு புதிது, காசு பழையது என்று பிரித்துச் சொல்லும் கடை, கீழே அதே ஒழுங்கைக் கைவிட்டிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. கல்லறையில் இறந்தவர் மேல் கிடந்த பொருளுக்குக் காசைவிடக் கூடுதலான பொறுப்புணர்வு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எகிப்திய வடிவம்தான் வேண்டும் என்பவர்கள், லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் உள்ள, எகிப்தியத் தொல்பொருள்களுக்கான பீட்ரி அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். ஏறத்தாழ 80,000 பொருள்களைக் கொண்ட அந்தத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான ஸ்கேராப்களை அருகிலிருந்து பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு கடைத் தட்டைப் பார்த்தால், எது இயந்திரத்தில் குடைந்தது, எது கையால் செதுக்கியது என்பது ஓரளவு பிடிபடும்.

வாங்கியபின் கடை நடந்துகொண்ட விதம் நன்று. எடை, குறுக்களவு, இரு முகங்களின் படம், ஓரத்தின் படம், பழைய ஏல எண் ஆகிய எல்லாவற்றையும் விற்பனைச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். போலி என்று எப்போது நிறுவப்பட்டாலும் பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்பதையும் கையெழுத்திட்டுச் சேர்த்தார்கள். நான் வெள்ளிக் கட்டையே தேர்ந்தெடுத்தேன். சங்கிலி தனி விலை. அதை வேறிடத்தில் வாங்குவதே மேல். செல்ல நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்; கட்டைத் திறந்து காசை வெளியே எடுத்துக் காட்டும் பொற்கொல்லர் எல்லா நாளும் பட்டறையில் இருப்பதில்லை, அவர் இல்லாத நாளில் வாங்கவும் வேண்டாம்.